பரணிலிருந்து பீரங்கி மேட்டுக்கு

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளுக்கும் என் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டபோது, அந்தப் போரில் நின்ற ஒரேயொரு மனிதரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். அவர் என் அப்பப்பா. தம்பலகாமத்து வயல்காரர். நான்கு ஆண்டுகள் படையில் இருந்தவர். மற்ற ஆண்டுகளெல்லாம் வயலிலும் வீட்டிலும் இருந்தவர். ஆயினும் அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியே கேட்டார்கள்.

விடியுமுன் எழுவதையும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதையும், குறைவாகப் பேசுவதையும் கண்டவர்கள் "பட்டாளத்துப் பழக்கம்" என்று சொல்வார்கள். அது பிழை என்பதை நான் வளர்ந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். படை அவருக்குக் கற்றுக்கொடுத்ததைவிட, அவர் வயலிலிருந்து படைக்குக் கொண்டுபோனதே அதிகம்.

தம்பலகாமத்து வயல்கள் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைபவை. மாரி மழையோடு விதைக்கும் பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். குளத்து நீரை நம்பிய சிறுபோகம் சித்திரையில் தொடங்கும். கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து சூடடித்து முடியும்வரை இரவுக்காவல் இல்லாமல் ஒரு வயலும் கரைசேராது. அப்பப்பா பன்னிரண்டு வயதிலேயே பரணில் ஏறியவர். நான்கு கவர்க்கால்கள், அவற்றின்மேல் கம்புகள் பரப்பிய தட்டு, வைக்கோல் கூரை, கயிற்றை இழுத்தால் வயலின் மறுகோடியில் அடிபடும் தகரம், பக்கத்தில் ஒரு தீப்பந்தம். பன்றி வந்தால் சத்தம் கேட்கும். யானை அப்படியல்ல, அவ்வளவு பெரிய உடம்பு ஓசையில்லாமல் வரும். அதைத் தவளைகளைக்கொண்டுதான் அறிய வேண்டும் என்பார். வயல் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும் தவளைகள் ஒரு மூலையில் மட்டும் வாயடைத்தால், அந்த மூலையில் யானை நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். இருட்டில் எதையாவது கண்டால் அதை நேரே உற்றுப் பார்க்கக் கூடாது, சற்றே பக்கத்தில் பார்க்க வேண்டும். "நேரே பாத்தா மறைஞ்சு போகும் பிள்ளை, பக்கத்தைப் பார், அது தானா வரும்." கண்ணின் நடுப்பகுதியைவிடச் சுற்றுப் பகுதியே மங்கல் ஒளியை நன்றாக உணரும் என்பதைப் பிற்காலத்தில் பாடப்புத்தகத்தில் படித்தபோது, எழுத்துக்கூட்டி மட்டுமே வாசிக்கத் தெரிந்த அந்த மனிதர் என் முன்னால் நின்றார்.

இலங்கையில் அந்தப் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. போனவர்கள் எல்லோரும் தாமாகப் பெயர் கொடுத்தவர்களே. அப்பப்பா பெயர் கொடுத்தது பேரரசுமீது கொண்ட பற்றினால் அல்ல. இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்திருந்தது, தங்கைகள் இருவர் வீட்டில் இருந்தார்கள், மாதச் சம்பளம் என்ற சொல் அந்த வீட்டில் அதுவரை ஒலித்ததேயில்லை. இதை மறைத்துவிட்டு அவரை வீரராக மட்டும் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் சேர்ந்தது சிலோன் கரிசன் ஆட்டிலறி. தமிழில் சொல்வதானால் காவற் பீரங்கிப் படை. துறைமுக வாயிலைப் பார்த்து நிற்கும் கரையோரப் பீரங்கிகளில் ஒன்றுக்குக் குண்டு சுமப்பவராக அவர் வைக்கப்பட்டார். ஆறு அங்குலப் பீரங்கிக் குண்டின் நிறை 100 இறாத்தல். ஒரு புசல் நெல் 46 இறாத்தல். "ரெண்டு புசலுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்பார். சூட்டுக்களத்தில் அதற்கும் மேலான மூட்டையைத் தோளில் ஏற்றிப் பழகியவருக்கு அந்த இரும்பின் நிறை புதிதாக இருக்கவில்லை. சத்தம்தான் புதிது. பயிற்சிச் சூட்டிலேயே அவருடைய இடது காது மந்தமானது. அதனால் நாங்கள் பேரப்பிள்ளைகள் அனைவரும் அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தே பேசக் கற்றோம்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, தெற்கே கடலின்மேல் பறந்த கனடா நாட்டு விமானியான லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அவருடைய விமானம் சுடப்பட்டு அவர் சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை நமது முறை. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுபோட்டுக் குலைத்தன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பற்றியது. முன்னிரவிலேயே இங்கிருந்து வெளியேறித் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்மேல் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இறந்தவர்கள் முந்நூறுக்கும் மேல்.

அந்தக் காலைப்பொழுதில் அப்பப்பா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. செய்ய முடியவில்லை. கடலில் வரும் கப்பலைச் சுடுவதற்காக அமைக்கப்பட்ட பீரங்கி வானத்தை நோக்கி நிமிராது. எதிரிக் கப்பலோ கண்ணுக்கெட்டாத் தொலைவில் நின்றது. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வேறிடத்தில் முழங்க, இவருடைய குழுவினர் அடுக்கிய குண்டுகளின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணியும். கையில் தகரக்கயிறு இருக்க யானை அடுத்தவன் வயலை மேய்வதைப் பார்த்தது மாதிரி என்று ஒருமுறை சொன்னார். போரைப் பற்றி அவர் சொன்னவற்றில் இதைவிட உண்மையான சொல் எனக்கு வேறில்லை.

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒன்றின்மேல் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி விழுந்தது. அந்தக் குதம் ஏழு நாட்கள் எரிந்தது. உருகிச் சரிந்த அதன் இரும்பை இன்றும் காணலாம். குடாவின் இக்கரையில், சிறுபோகத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்த தம்பலகாமத்து மக்களுக்கு அந்தக் கரும்புகை பகலெல்லாம் தெரிந்தது. மகன் எந்தப் பீரங்கியில் நிற்கிறான், அது எங்கே இருக்கிறது என்பது அவருடைய தாய்க்குத் தெரியாது. புகை எழும் இடத்தில்தான் அவன் இருக்கிறான் என்றே அவர் எண்ணினார். சித்திரைப் புத்தாண்டு அந்த ஏழு நாட்களுக்குள் வந்தது. மருத்துநீர் வைத்தார்களாம், பொங்கலும் பொங்கினார்களாம். மகனுக்கென்று எடுத்துவைத்த பங்கு மட்டும் மறுநாள்வரை மூடியபடியே இருந்ததாம். உயிரோடிருக்கிறான் என்ற செய்தி, ஊருக்குத் திரும்பிய ஒரு வண்டிக்காரர் வழியாகப் பத்து நாட்கள் கழித்தே வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. நெல் விளைப்பவனுக்கு என்றுமில்லாத தேவை ஏற்பட்ட அந்த ஆண்டில், நெல் விளைக்கக்கூடிய ஓர் இளைஞர் சுடாத பீரங்கியைக் காத்து நின்றார். அவருடைய தகப்பன் இதைச் சொல்லி ஏசினாராம். அந்த ஏச்சில் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன்.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை ஒரு சாம்பல் நிறக் கம்பளியும், விடுவிப்புப் பத்திரமும், மந்தமான காதும். கம்பளி மறு மாரியிலேயே பரணுக்கு ஏறிவிட்டது. பிறகு திருமணம், ஏழு பிள்ளைகள். இரவில் எல்லோரும் பாயில் படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, கால்மாட்டில் நடந்தபடி ஒவ்வொருவரின் பாதத்தையும் தொட்டு எண்ணுவார். விளக்கோடு எண்ணினால் தூக்கம் கலையும் என்பதால் இருட்டிலேயே எண்ணுவார். எந்தப் பாதம் எவருடையது என்பது அவருக்குத் தெரியும். அப்பாவின் குதிகால் வெடிப்பை அவர் கைதான் முதலில் அறிந்து, அடுத்த நாள் வேப்பெண்ணெய் காய்ச்சியது.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது நாங்கள் வீட்டைவிட்டு வெளியேறினோம். அவருக்கு எழுபது வயதளவில் இருக்கும், எனக்கு ஏழு. பதினான்கு பேர் இருட்டில் நடந்தோம். மற்றவர்கள் அவரை முன்னால் வழிகாட்டச் சொன்னார்கள். அவர் மறுத்துப் பின்னால் வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோளைத் தொட்டு எண்ணினார். மூன்றாம் நிறுத்தத்தில் பதின்மூன்று. அவர் எதுவும் பேசாமல் வந்த வழியே திரும்பி நடந்தார். ஒரு மதகின் கட்டில் சாய்ந்து தூங்கிப்போயிருந்த என் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரத்தில் வந்தார். நிலவில்லாத இரவில் எப்படிக் கண்டீர்கள் என்று அப்பா கேட்டார். "மதகடியில தவளை கத்தேல்ல" என்றார்.

அந்த இரவில் விட்டுவந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய விடுவிப்புப் பத்திரம் இருந்தது. திரும்பிப் போனபோது வீடு எரிந்திருந்தது. பிற்காலத்தில் பழைய படைவீரருக்கான உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். பத்திரம் இல்லாமல் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டாம் முறை போகவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் திகதி உப்புவெளி யுத்த மயானத்துக்கு அவர் தவறாமல் போனார். நிலாவெளி வீதியோரம் இருக்கும் அந்த இடத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கடைசி ஆண்டுகளில் நான் கைபிடித்து அழைத்துச் சென்றேன். கூட்டம் கலைந்த பிறகு, தாம் வாசிக்க அறியாத மொழியில் பெயர் பொறித்த அந்தக் கற்களின் வரிசையில் நடந்து, குனிந்து, ஒவ்வொன்றின் தலையிலும் கைவைத்துக்கொண்டே போவார். உதடு அசையும். முதல் ஆண்டு அதை ஜெபம் என்று நினைத்தேன். அருகில், அவருடைய வலப்பக்கமாகப் போய்க் கேட்டபோது, எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் எண்ணுகிறீர்கள் அப்பப்பா என்று கேட்டேன்.

"ராவில எண்ணிப் படுக்கவைச்சா விடியவும் எண்ண வேணும், பிள்ளை" என்றார். பிறகு, விட்ட எண்ணை மறந்துவிட்டதாகச் சொல்லி, வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பி நடந்தார்.