மதகு முட்டிய ராத்திரிக்கு அப்புறம் என் ஃபோனில் என்னென்ன மாறியது

வணக்கம். குடமுருட்டிக் கரையில் உட்கார்ந்து பேசுகிறேன், வலங்கைமான் பக்கம். காற்று மைக்கில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் போகும் இடத்தையும் தேடும் சொல்லையும் சேர்த்து வைக்காத மேப், தேடல் எல்லாம் நம்ம பக்கத்துக்கு உதவுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

போன ஆனி முகூர்த்தத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குடவாசல் பக்கம் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்புக்குக் கும்பகோணத்திலிருந்து காரில் கிளம்பினோம். ஃபோனில் இருந்த ஒரு மேப், எது என்று கேட்காதீர்கள், மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். தார் ரோடு கப்பி ரோடானது, கப்பி மண்ணானது, கடைசியில் வாய்க்கால் கரையில் நிற்கிறோம். எதிரே ஒரு பழைய மதகு. பைக் போகும், கார் போகாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த நேரம், கரையெல்லாம் களி. பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை வாயில் முருகன் பெயரைத் தவிர வேறு இல்லை.

டார்ச் அடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார், வயலுக்குத் தண்ணீர் மாற்ற வந்தவர். பார்த்ததும் கேட்டார்: "செல்லைப் பாத்துட்டு வந்தீங்களா தம்பி? இந்த வாரத்துல நீங்க மூணாவது காரு."

மூன்றாவது கார்! எங்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்ட இரண்டு பேரும் ரிவர்ஸ் எடுத்துப் போயிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மேப்பில் இருக்கும் அந்தத் தப்பான ரோட்டைத் திருத்துவதற்கு வழியே இல்லையா என்று தேடியபோதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வந்தேன்.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரிதான், கணக்குத் தொடங்கி யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திறந்து பார்த்தால், நான் மாட்டிக்கொண்ட இடத்தில் ரோடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வெறும் வெள்ளை. கும்பகோணத்துக்குள் கோயில், குளம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. ஊர் தாண்டி வயலுக்குள் இறங்கினால் காலி. இதை மறைத்து உங்களிடம் "சூப்பர் மேப்" என்று விற்க எனக்கு இஷ்டமில்லை.

ஒரு நிமிஷம், டிராக்டர் போகட்டும்.

சரி. வரைவது பெரிய வித்தை இல்லை. பிரவுசரிலேயே செய்யலாம், பின்னால் செயற்கைக்கோள் படம் தெரியும். வாய்க்காலை ஒரு கோடாகப் போட்டேன், தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். கரைப் பாதையை வண்டித் தடம் என்று குறித்தேன். மதகு மேல் கார் போகாது என்று ஒரு குறிப்பு. ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதத் தனி இடம் இருக்கிறது, அதையும் நிரப்பினேன். முக்கியம்: வேறு மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. நீங்கள் நேரில் பார்த்தது, இல்லையென்றால் அவர்கள் அனுமதித்திருக்கும் படத்திலிருந்து வரைந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தரவை வைத்து ஓடும் ஆப்தான் ஆர்கானிக் மேப்ஸ். 2021-இல் வந்தது. விளம்பரம் கிடையாது, பின்தொடர்வதும் கிடையாது. தமிழ்நாட்டை ஒரு தடவை டவுன்லோட் செய்துவிட்டால் போதும், நெட் இல்லாமலே வழி காட்டும். 2025-இல் இதிலிருந்து பிரிந்து கோமேப்ஸ் என்று ஒன்றும் வந்திருக்கிறது. ஓஸ்ம்அண்ட் என்பதும் இதே தரவுதான், ஆனால் அதில் செட்டிங்ஸ் அத்தனை. எனக்குத் தலை சுற்றியது.

நெட் இல்லாமல் நாம் நிற்கும் இடம் எப்படித் தெரியும் என்று என் தங்கை கேட்டாள். ஜிபிஎஸ் ரேடியோ மாதிரி. செயற்கைக்கோள் பேசும், ஃபோன் கேட்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதை வெளியே சொல்வது ஃபோனில் இருக்கும் சில ஆப்கள்தான். நெட்டை அணைத்துவிட்டால் முதலில் இடம் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், வெட்டவெளியில் நின்றால் பிடித்துவிடும். வெட்டவெளிக்கு டெல்டாவில் பஞ்சமா?

டிராஃபிக்? அதுதான் இழப்பு. மற்ற மேப்களில் ரோடு சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் சிவப்பு நெரிசலில் நிற்பவர்களின் ஃபோன்கள் சொல்வது. நாம் இருக்கும் இடத்தைக் கொடுக்காத ஆப்பில் அது எப்படி வரும்? நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்த அருமை தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகப் பழைய மேப்பை நான் அழிக்கவில்லை, இருப்பிட அனுமதியை மட்டும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

மேப்பிள்ஸ் என்ற மேப் ஆப் பற்றிக் கேட்பீர்கள். மேப்மைஇண்டியா கம்பெனியுடையது, 1995-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நம்ம நாட்டுக் கம்பெனி என்பதற்காகத் தனியுரிமை தானாக வந்துவிடாது. என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இஸ்ரோவின் புவன் என்ற மேப் தளம், வயலை மேலிருந்து பார்க்க நல்லது, கல்யாணத்துக்குப் போக அல்ல.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் என் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கி, முதல் பத்துத் திருத்தத்தையும் எங்கள் தெருவைச் சுற்றியே செய்திருக்கிறேன்! தனியுரிமைக்காக வந்தவன் வீட்டு வாசலில் கோலம் போட்டு அடையாளம் காட்டியிருக்கிறேன். நீங்கள் ஒரு புனைபெயரில் தொடங்குங்கள், கொஞ்சம் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம், தேடல். இதில் எனக்கு அத்தனை உறுதி இல்லை, பாதிதான் மாறியிருக்கிறேன்.

ஏன் மாற நினைத்தேன்? நாம் மேப்பில் சொல்வதைவிடத் தேடலில் அதிகம் சொல்கிறோம். நகைக் கடன் வட்டி, அம்மாவின் மூட்டு வலி, சர்க்கரை. 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இன்டர்நெட் நிறுவனம் ஆறு லட்சத்துக்கும் மேலான பேரின் தேடல்களைப் பெயரை எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒரு பத்திரிகை ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

டக்டக்கோ என்ற தேடல் தளம் 2008-லிருந்து இருக்கிறது. தேடியதைச் சேர்த்து வைப்பதில்லை என்கிறார்கள். விளம்பரம் வரும், ஆனால் அப்போது தேடிய சொல்லுக்கு மட்டும். முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடலான பிங்கிலிருந்து வருபவை. 2024 மே மாதம் பிங் படுத்தபோது டக்டக்கோவும் கூடவே படுத்தது. அதாவது கடைகள் வேறு வேறு, சரக்கு வரும் குடோன் ஒன்று. சொந்தக் குடோன் வைத்திருப்பது பிரேவ் சர்ச், 2023-லிருந்து பிங்கைத் தொடுவதில்லை. இங்கிலாந்தின் மோஜீக்கும் அப்படித்தான். நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நம்மை யாரென்று காட்டாமல் கூகுளிடம் கேட்டு வாங்கித் தருகிறது.

தமிழில் தேடும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது. குறுவை நாற்றில் தூரெல்லாம் வெங்காய இலை மாதிரி குழலாக வந்திருந்தது. அந்தப் பூச்சியின் பெயரை, ஆனைக்கொம்பன் என்று, ஒரு மாற்றுத் தேடலில் தட்டினேன். யானைத் தந்தம் வந்தது. "நெல் ஆனைக்கொம்பன் ஈ" என்று போட்ட பிறகுதான் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பக்கம் வந்தது. அதனால் உடம்பு, பணம், குடும்பம் பற்றிய தேடல் எல்லாம் டக்டக்கோவில். வயல் பற்றியது கிடைக்காவிட்டால் ஸ்டார்ட்பேஜ்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். கீழ்வேளூரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் பாருங்கள். தமிழில் எழுதித் தேடுங்கள், தமிழ்ப் பெயர் ஏற்றப்பட்டிருந்தால் நேராகக் கிடைக்கும். ஏற்றப்படவில்லை என்றால் ஏற்றிவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

சரி, ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டேன், ஆர்கானிக் மேப்ஸ் திறந்திருக்கிறது. இங்கிருந்து கரையோடு போய் இன்னும் மூன்று மதகு பார்க்க வேண்டும், கார் போகுமா போகாதா என்று. ஒரு கையால் பைக் ஓட்ட முடியாது, கேமராவை நிறுத்துகிறேன்.