முதலில் பதிவான நேரம்

(திருகோணமலையில் நடைபெற்ற விளையாட்டு விழாவொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பெற்றோர்களே, காலையிலிருந்து வெயிலில் ஓடிக் களைத்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கோணேசர் கோயில் மலையில் நின்று கீழே கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு நாட்டின் மிக உயர்ந்த நிலமே ஐந்து மீற்றரை எட்டுவதில்லை என்பதை நம்புவது கடினம். பசிபிக் சமுத்திரத்தில் ஒன்பது தீவுகளாகக் கிடக்கும் துவாலு அத்தகைய நாடு. அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீற்றர்தான். திறந்தவெளி அரிதான அதன் தலைநகர் புனாபுட்டியில், விமானம் வராத வேளைகளில் ஓடுபாதையே மக்களின் விளையாட்டு மைதானம்.

அந்த நாடு 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. திறமையான ஓட்டக்காரர் ஒருவர் இருந்தால் போதும், ஒலிம்பிக்கிற்குப் போய்விடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது போதாது. சர்வதேச சம்மேளனங்களோடு இணைந்த ஐந்து விளையாட்டுச் சங்கங்களாவது இயங்கினால்தான் ஒரு நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கு அங்கீகாரம் கிடைக்கும். ஒரு சிற்றூரின் அளவே மக்கள் வாழும் துவாலு அதை 2007 இல் பெற்றது. மைதானத்தில் சிந்தும் வியர்வைக்கு நிகரானது, மேசையில் அமர்ந்து செய்யும் அந்த உழைப்பு என்றே நான் கருதுகிறேன்.

சென்றவர்கள் மூவர். பளுதூக்கும் வீரர் லொகோனா ஏசாவு கொடியேந்தினார். நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒக்கிலானி தினிலாவு 11.48 செக்கனில் ஓடினார். பெண்களுக்கான அதே ஓட்டத்தில், நம் சாதாரண தரப் பரீட்சை மாணவிகளின் வயதான 16 வயதே நிரம்பியிருந்த அசெனாத்தே மனோவா 14.05 செக்கனில் ஓடி முடித்தார். தங்கம் வென்ற ஜமேய்க்காவின் ஷெலி ஆன் பிரேசரின் நேரம் 10.78. இடைவெளி மூன்று செக்கனுக்கும் அதிகம். ஆயினும் துவாலு வீரர் இருவரின் நேரங்களும் அவர்களுடைய நாட்டின் சாதனைகளாகப் பதிவாகின. நான்கு ஆண்டுகளின் பின் இலண்டனில் மனோவா 13.48 செக்கனில் ஓடினார். முறியடிப்பதற்கு 14.05 என்ற எண் எழுத்தில் இருந்தமையால்தான் 13.48 ஒரு முன்னேற்றமாயிற்று.

நம் நாடும் இப்படித்தான் தொடங்கியது. சுதந்திரம் பெற்று ஆறு மாதம் நிறைவதற்குள், 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் அறிமுகமான இலங்கைக்கு, டங்கன் வைட் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தார். பத்து ஆண்டுகளின் பின் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில், உயரம் பாய்தலில் நம் நாட்டின் முதல் ஆசியத் தங்கத்தை வென்றவர் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அந்தப் பெயரை இங்கிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நம் போட்டிகளில் முதல் மூவரின் பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, மற்றவர்களின் நேரத்தைக் குறிக்காமலே விட்டுவிடுகிறோம். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை எதை முறியடிக்க ஓடுவாள்? இன்று பதினாறு வயதுப் பெண்களுக்கான நூறு மீற்றரில் இறுதியாக எல்லைக்கோட்டைத் தொட்டவளின் நேரத்தை நானே கடிகாரத்தில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் அவள் என்னிடம் வந்து அந்தத் தாளைப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.