அணைத்த டிவியைச் சுவரோடு கலக்க வைப்பது எப்படி?

[காட்சி: கூடம். வெள்ளைச் சுவர், நடுவில் அணைத்த டிவி.]

இந்தச் சுவரைப் பாருங்கள். டிவி ஓடவில்லை. ஆனாலும் கண் நேராக அங்கேதான் போய் நிற்கிறது. 55 அங்குல டிவி என்றால் ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். வெள்ளைச் சுவரில் அவ்வளவு பெரிய கறுப்பு! நமக்கு உறுத்துவது டிவி இல்லை, அந்தக் கறுப்புதான்.

அதனால் முதலில் சுவரின் நிறத்தை மாற்றச் சொல்வேன். கரும்பச்சை, கருநீலம், அடர் சாம்பல், எதுவானாலும் சரி. டிவி இருக்கும் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் போதும். மேட் பெயிண்ட்டாக இருக்கட்டும். பளபளக்கும் பெயிண்ட்டில் திரையின் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்.

[காட்சி: டிவியைச் சுற்றிப் படங்கள்.]

அப்புறம் படங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது. இரண்டு பக்கமும் சமமாக அடுக்காதீர்கள்; டிவி நடுநாயகமாகிவிடும். அதைக் கொஞ்சம் ஓரமாக ஒதுக்கி, கறுப்புச் சட்டம் போட்ட படங்களைப் பெரிதும் சிறிதுமாக, 5 செ.மீ. இடைவெளியில் மாட்டுங்கள். ஆணி அடிக்கும் முன் செய்தித்தாளை அந்தந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தானாகத் தெரியும். ஆனால் அழகுக்காக டிவியை உயரே ஏற்ற வேண்டாம். உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதியும் அதை ஒட்டியே இருந்தால்தான் கழுத்து தப்பிக்கும்.

டிவியே படமாக மாறும் வகையும் உண்டு. 2017-இல் சாம்சங் கொண்டுவந்த 'தி ஃபிரேம்' அப்படிப்பட்டது. ஓவியம் தெரியும்போதும் திரை எரிகிறது, மின்சாரம் செலவாகிறது என்பதை மறக்க வேண்டாம். சாதாரண ஓஎல்இடி (OLED) என்ற திரைவகை டிவியில் ஒரே படத்தை மணிக்கணக்கில் விட்டால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துபோகலாம்.

[காட்சி: கதவு வைத்த மர அலமாரி.]

முழுவதும் மறைய வேண்டுமா? அலமாரிதான். 1950-களிலேயே கதவு போட்ட மரப்பெட்டிக்குள் டிவி விற்றார்கள். இன்று செய்யும்போது ஆழத்தைக் கவனமாக அளந்துகொள்ளுங்கள். டிவியின் தடிமன் மட்டும் போதாது. பின்னால் டிவியைச் சுவரில் மாட்டும் சட்டம் இருக்கும், அதற்கும் பின்னால் துருத்தி நிற்கும் பிளக். இதை விட்டுவிட்டால் ஆசையாகச் செய்த கதவு இரண்டு விரல் அளவு மூடாமல் நிற்கும். சூடு வெளியேற நாலு பக்கமும் சுமார் 10 செ.மீ. விடுங்கள், பின்பலகையைத் திறந்தே வையுங்கள். பார்க்கும்போது கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸ் கதவுக்குள் இருந்தால் அகச்சிவப்பு ரிமோட் வேலை செய்யாது, அந்தக் கதிர் மரத்தைத் தாண்டாது. கதவில் மூங்கில் தட்டியோ துளைப் பலகையோ வைத்தால் ஓரளவு எட்டும். புளூடூத் ரிமோட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

[காட்சி: டிவிக்குக் கீழே தொங்கும் வயர்.]

இவ்வளவும் செய்துவிட்டு இந்த ஒரு வயரைத் தொங்கவிட்டால் எல்லாம் வீண். வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டையான கேசிங்குக்குள் விட்டு, சுவரின் நிறத்தையே அதற்கும் அடியுங்கள். டிவியோடு வந்த பவர் வயரை அப்படியே சுவருக்குள் வைத்துப் பூசக் கூடாது, அது ஆபத்து. எலெக்ட்ரீஷியனை அழைத்து டிவிக்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். பவர் வயர் அங்கேயே மறைந்துவிடும்.