புவியியலைப் படித்து என்ன செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளியும் வெளியானால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்குக் கலைப்பீடம் கிடைத்திருக்கும். புவியியலை ஒரு பாடமாக எடுக்கப் போகிறேன் என்று பிள்ளை சொல்லும். உடனே அம்மாவோ மாமாவோ கேட்பார்: "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்? பள்ளிக்கூடத்தில படிப்பிக்கத்தானே?"

படிப்பிப்பது சின்ன வேலை இல்லை. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் ஏளனம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. தலைநகரங்களின் பெயரையும் ஆறுகளின் நீளத்தையும் பாடமாக்குகிற படிப்பு இது என்ற நினைப்பு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்தான் பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். பிரித்தானியப் பிரதமராக இருந்த தெரேசா மே ஒக்ஸ்போர்டில் படித்ததும் அதுதான். இப்படிச் சொன்னால் மாமாமார் கொஞ்சம் அடங்குவார்கள். ஆனாலும் ஜோர்தான் கூடைக்குள் பந்து போட்டதற்குப் புவியியல் ஒன்றும் செய்யவில்லை. அதை விடுவோம்.

நான் சொல்ல வந்தது வேறு. புவியியல் மாணவர், பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே, படிக்கிற காலத்திலேயே, ஊருக்கு உதவுகிற வேலை செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. அதற்கு ஒரே நிபந்தனை, நடக்க வேண்டும். மேசையில் இருந்தபடி இந்தப் பாடத்தைப் படித்து முடிக்க முடியாது.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன். என் மாணவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கதை. நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டட்லி ஸ்டாம்ப் என்று ஒரு புவியியலாளர். 1920களில் நம் பக்கத்து ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பியவர். பிரித்தானியாவில் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது, எது உழுநிலம், எது புல்வெளி, எது தரிசு என்று நாடு முழுவதற்குமான படம் அப்போது இல்லை. அந்தப் படத்தை ஆக்கவேண்டும் என்று 1930இல் அவர் புறப்பட்டார். உலகமே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த நேரம். ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்கக் காசில்லை. என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூடங்களைக் கேட்டார். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களையும் கேட்டார்.

ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுகிற பெரிய படத்தாள் ஒன்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் ஆசிரியரோடு அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வயலுக்கும் நடந்து போவார்கள். காடு என்றால் ஓர் எழுத்து, புல்வெளி என்றால் இன்னோர் எழுத்து, உழுநிலத்துக்கு ஒன்று, வீட்டுத்தோட்டத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் வேலை. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இப்படிச் சேர்ந்த தாள்கள் ஏறத்தாழ 22,000. கைகொடுத்த பிள்ளைகள் இரண்டரை இலட்சம் அளவில் என்பார்கள்.

அப்போது பலருக்கு இது வேடிக்கையாகத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் சேற்றில் நடந்து பென்சிலால் கிறுக்குகிறார்கள், இதில் என்ன வரப்போகிறது என்று. 1939இல் யுத்தம் வந்தது. உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜேர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. இனி நம் சாப்பாட்டை நாமே விளைவிக்க வேண்டும், எந்தப் புல்வெளியை உழலாம் என்று அரசாங்கம் தேடியபோது கையில் இருந்தது இந்தப் பிள்ளைகள் ஆக்கிய படம்தான்.

கவனித்தீர்களா? அங்கே செயற்கைக்கோள் இல்லை, கணினி இல்லை. நடந்தார்கள், பார்த்தார்கள், குறித்தார்கள். மூன்றே வேலை.

இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். சரி, மட்டக்களப்புக்கு வருவோம். 2012 கடைசியில், அனர்த்தத்துக்கு ஆயத்தமாக நகரத்துக் கட்டடங்களைப் படத்தில் பதிகிற உலக வங்கியின் திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்ட நகரங்களில் காத்மண்டு ஒன்று, மட்டக்களப்பு இன்னொன்று. மட்டக்களப்பு நகரம் அடங்குகிற மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் ஒரு சின்னக் குழு 30,000க்கு மேற்பட்ட கட்டடங்களை, எவரும் இலவசமாகப் பார்க்கவும் சேர்க்கவும் கூடிய திறந்த இணையப் படத்தளத்தில் பதிந்தது. வெறும் பெட்டி வரைவது மட்டும் இல்லை. எத்தனை மாடி, சுவர் என்ன, கூரை என்ன, வீடா கடையா என்றெல்லாம் சேர்த்தார்கள். சுனாமியையும் 1978 சூறாவளியையும் கண்ட ஊருக்கு அந்த விபரம் எவ்வளவு பெறுமதி! காத்மண்டுவில் இதே வேலையில் பல்கலைக்கழக மாணவர்கள் நிறையப் பேர் இறங்கினார்கள். 2015 ஏப்ரலில் அங்கே பூமி அதிர்ந்தபோது மீட்புக்கு வந்தவர்களிடம் தெருப்படம் ஆயத்தமாக இருந்தது.

இனி, கொழும்புக்குள்ளேயே ஒரு சங்கதி. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, வெல்லம்பிட்டியைச் சேர்ந்தவள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டு வந்தாள். உலகளாவிய காலநிலை மாற்றமும் தெற்காசியாவும் என்று என்னவோ பெரிதாக எழுதி வைத்திருந்தாள். அந்தத் தலைப்பில் நூறு பேர் எழுதிவிட்டார்கள் பிள்ளை, 2016 மே வெள்ளம் உன் ஒழுங்கைக்குள் எப்படி வந்தது என்று எழுது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "ஒழுங்கையை எல்லாம் ஆய்வு என்று யார் ஏற்பார்கள், சேர்?" என்றாள்.

பிறகு போனாள். வெள்ளம் வடிந்த வீடுகளில் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கும், பார்த்திருப்பீர்கள். பெயின்ற் அடிக்காத வீடுகளில் அது அப்படியே கிடந்தது. அம்மாவின் தையல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நிலத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று அளந்தாள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது என்று பெண்களிடம் கேட்டாள். ஆண்களுக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை, பெண்கள் அடுப்பில் என்ன இருந்தது என்பதோடு சேர்த்து நேரம் சொன்னார்களாம். எல்லாவற்றையும் படத்தில் போட்டதும் ஒரு விஷயம் தெரிந்தது. களனி கங்கைக்குக் கிட்ட இருந்த வீடுகளுக்கு முதலில் தண்ணீர் வரவில்லை. கால்வாய்க்குக் கிட்ட இருந்தவைக்குத்தான் வந்தது. ஆறு உயர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குள் போக வழியில்லை, திரும்பி ஒழுங்கைக்குள் ஏறுகிறது. அந்த ஊர்ப் பெண்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். படத்தில்தான் இல்லாமல் இருந்தது.

வானொலிச் செய்தியில் களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டம் இத்தனை அடி என்று சொல்வார்களே, கேட்டிருப்பீர்கள். அந்த அடிக்கணக்கு எந்த ஒழுங்கைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லக்கூடியவள் இப்போது இந்தப் பிள்ளை. ஆய்வின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தாள். இன்று ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறாள். நேர்முகத் தேர்வில் அந்தப் படத்தைத்தான் விரித்துக் காட்டினாளாம்.

இதுதான் என்னுடைய பழைய பல்லவி. இறுதியாண்டு ஆய்வேடு நூலகத்து அலுமாரிக்குப் போவதற்காக எழுதுவது இல்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தமிழ் மாணவர்கள் தங்கள் ஊர்க் கிணற்றையும் குளத்தையும் கடற்கரையையும் பற்றி எழுதியவை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வேறு எவரிடமும் இல்லாத தரவு. பைண்ட் பண்ணி, பொன்னெழுத்துப் போட்டு, தூசு பிடிக்க விட்டிருக்கிறோம். ஒரு பிரதி பிரதேச சபைக்குப் போனால் என்ன குறைந்துவிடும்?

மலையகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தார்கள். போ என்று சொன்னால் எங்கே போவது, யார் காணி தருவார்? புவியியல் மாணவருக்கு இதுவும் பாடம்தான். படம் வரைவதோடு வேலை முடியாது. லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழில் விளக்கவும், அவர்கள் கேட்கிற கேள்வியை அலுவலகத்துக்குக் கொண்டுபோகவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக நம் பிள்ளைகள் ஏன் இருக்கக்கூடாது?

மண்சரிவு அறிவிப்பில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கேட்கிறீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருங்கள், 100 என்றால் ஆயத்தமாகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள் என்பது பொதுவான கணக்கு. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தல், ஓர் அடிமட்டம், வெளியான இடம், போதும். பல்கலைக்கழகத்துப் புவியியல் மன்றங்கள் ஆண்டுதோறும் விழா வைத்து மலர் வெளியிடுகின்றன. மலரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு தோட்டத்துக்கு ஒரு போத்தலும் வைத்துப் பதிவுப் புத்தகம் ஒன்றும் கொடுக்கலாம்.

அப்புறம் வேலை. 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, காணிப் பயன்பாட்டைத் திட்டமிடுகிற திணைக்களம், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம், இவை தெரிந்த இடங்கள். தெரியாதவை தனியார் துறையில். தொலைபேசிக் கோபுரத்தை எங்கே நாட்டுவது, பொதி கொண்டுபோகிற வான் எந்தப் பாதையால் போவது, வெள்ளக் காப்புறுதிக்கு எவ்வளவு அறவிடுவது, எல்லாம் இடம் பற்றிய கேள்விகள். அதற்குக் கணினியில் படம் ஆக்கத் தெரியவேண்டும், ஜி.ஐ.எஸ். என்பது அதைத்தான். மென்பொருள் வாங்கக் காசில்லை என்பது இனிச் சாட்டு ஆகாது. அந்த வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லான்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இலிருந்து இலவசம். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் 269 ஹெக்டேயர் கடல் எப்படித் துறைமுக நகரமானது என்பதை 2014க்கும் 2019க்கும் இடையிலான படங்களை வரிசையாகத் திறந்தால் உங்கள் மடிக்கணினியிலேயே பார்க்கலாம். ஒரு பின்னேரப் பொழுது போதும். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும், அதை மறைக்கவில்லை. பயப்படுகிற அளவுக்கு வேண்டாம்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார். புலமைப்பரிசில்களைப் பற்றி விரிவாகப் பேசத்தான் தாளில் குறித்து வந்தேன், ஸ்டாம்ப் நேரத்தை எடுத்துவிட்டார். வேகமாகச் சொல்கிறேன். இந்தியாவில் டேராடூனில், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்கிற தொலையுணர்வுக்கும் ஜி.ஐ.எஸ்.ஸுக்கும் ஆசிய பசுபிக் நாடுகளுக்கான பயிற்சி நிலையம் இருக்கிறது. பாங்கொக்குக்குப் பக்கத்தில் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம். நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரத்து ஐ.ரி.சி. என்கிற புவித்தகவல் கல்வி நிலையம். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் செவ்னிங்கும், ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ். விண்ணப்பத்தில் நீங்கள் இதுவரை செய்த வேலையையும் சொல்லலாம், அந்த இடத்தில் ஒழுங்கைப் படம் ஒன்று இருந்தால் நல்லது. நிருவாக சேவைப் பரீட்சை, திட்டமிடல் சேவைப் பரீட்சை இரண்டுக்குமான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமைகளில் பாருங்கள், தமிழிலும் இருக்கிறது. முடிவுத் திகதியை முதலில் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.