வேராக்ரூஸ் கரையில் இரண்டு படைகள்

நண்பர்களே, 1847 மார்ச் 9ஆம் தேதி மாலை. அமெரிக்காவும் மெக்சிகோவும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். மெக்சிகோவின் வேராக்ரூஸ் நகருக்குத் தென்கிழக்கே ஒரு மணல் கரை. அமெரிக்கத் தரைப்படைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் வீரர்கள் அங்கே இறங்கினார்கள். நள்ளிரவுக்குள் 8,000 பேருக்கு மேல் கரையேறிவிட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. மெக்சிகோ படை மதிலுக்குள்ளேயே இருந்துகொண்டது என்பது உண்மைதான். ஆனால் எதிரி சுடாவிட்டாலும் கடல் சும்மா விடுமா?

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வீரர்களைக் கரைசேர்த்த படகுதான். அடிப்பாகம் தட்டை, இரு முனையும் கூர். வடிவமைத்தவர் ஒரு கடற்படை அதிகாரி, ஏறப்போவது தரைப்படை. கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்று மூன்று அளவுகளில் செய்தார்கள். நம் வீட்டு அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். ஸ்காட் கேட்டது 141. வந்து சேர்ந்தது அதில் பாதிகூட இல்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று மாலுமிகள் துடுப்புப் போட, சிப்பாய்கள் உட்கார்ந்து போனார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்காட் கடற்படைக்கு உத்தரவு போட முடியாது. கடற்படைத் தலைவர் டேவிட் கானரும் தரைப்படைக்கு உத்தரவு போட முடியாது. இருவருக்கும் பொதுவான தலைமை அங்கே கிடையாது. பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நங்கூரம் போடும் இடம் குறுகல், வீரர்கள் வந்த இத்தனை வாடகைக் கப்பல்கள் அங்கே நெருக்கியடிக்க வேண்டாம், வீரர்களைப் போர்க்கப்பல்களில் ஏற்றிக் கொண்டுபோவோம் என்றார் கானர். ஸ்காட் கேட்டுக்கொண்டார். வாடைக்காற்று வரும் என்ற பயத்தில் ஒரு நாள் தள்ளியும் போட்டார்கள்.

அப்புறம் முற்றுகை. மதிலை உடைக்கத் தரைப்படையின் பீரங்கிகள் போதவில்லை. கானருக்குப் பின் பொறுப்பேற்ற மேத்யூ பெர்ரியிடம் கப்பல் பீரங்கிகளைக் கேட்டார் ஸ்காட். தருகிறேன், ஆனால் சுடுவது என் மாலுமிகள்தான் என்றார் பெர்ரி. ஆறு பீரங்கிகளைக் கரையில் இறக்கி, மணல்மேடுகள் வழியே ஆட்களே இழுத்துப் போனார்கள். அவற்றை நிறுத்த இடம் அமைத்தவர் தரைப்படைப் பொறியாளர் ராபர்ட் லீ. அங்கே சுட்டவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர், அவர் கடற்படைக்காரர்.

அந்தக் குண்டுகள் மதிலோடு நிற்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றப் போரை நிறுத்துங்கள் என்று நகரிலிருந்த வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டார்கள். ஸ்காட் மறுத்துவிட்டார். மார்ச் 29 அன்று நகரம் சரணடைந்தது.