கிழக்கில் எந்த இடத்தில்?

நேயர்களுக்கு வணக்கம்.

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சிறு வயதிலேயே படித்துவிடுகிறோம். படித்ததோடு சரி. கிழக்கில் எந்த இடத்தில் என்று பலரும் கேட்பதே இல்லை. சென்னைக்காரர்கள்கூடக் கேட்காமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மலையோ மரமோ மறைக்காத கடல் கிழக்கே விரிந்து கிடக்கும் ஊர் இது.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு நேர் மேற்கே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்ச் 20, 21 வாக்கில் சூரியன் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து எழும். ஜூன் 21 அன்று அதே இடத்தில் நின்றால், இடது கைப்பக்கம் வெகுவாகத் தள்ளி எழும். டிசம்பரில் வலது கைப்பக்கம், அதே அளவு தள்ளி. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. இந்தப் பக்கம் இரண்டரை முஷ்டி, அந்தப் பக்கம் இரண்டரை முஷ்டி. கணக்காகச் சொன்னால் இரு புறமும் சுமார் 24 பாகை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால் வருவது இது.

இந்த நகர்வு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாளுக்கு சுமார் 0.4 பாகை, அதாவது சூரிய வட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு நகரும். நேற்று மண்டபத் தூணை ஒட்டி எழுந்தது இன்று தூணைத் தாண்டியிருக்கும். ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கிலோ ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலும் இடம் மாறியதாகவே தோன்றாது. அப்புறம்தான் மெல்லத் திரும்பும். சில கோவில்களில் ஆண்டில் சில நாட்கள் மட்டும் காலை வெயில் கருவறை வரை செல்கிறதே, அதுவும் இதே கணக்குத்தான். உதயம் வாசலுக்கு நேராக வரும் நாட்கள் அவை.

உத்தராயணத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுகிறோம். கடற்கரையில் பார்த்தால், டிசம்பர் 21, 22இலேயே சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் மகர சங்கராந்தி சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் சேர்ந்து, இன்று இடைவெளி மூன்று வாரத்துக்கும் அதிகம். பண்டிகை பழைய வானத்தை நினைவில் வைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் பல நாட்கள் உதயத்தை மறைத்துவிடும். அதற்காகப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மேகம் விலகும் காலையில், நாம் பார்க்காத நாட்களில் சூரியன் தெற்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஒன்றே ஒன்று. விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் மேலே வர இரண்டரை நிமிடம்கூட ஆகாது. எழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே கண்ணை எடுத்துவிடுங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.