விலை குறைந்த ஆயில் பேஸ்டலில் முகம் வருமா? பாம்பன் தங்கையின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். பாம்பனிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கடலில் பாசி எடுக்கப் போகும் தம் தாயின் முகத்தை, தம்பியின் பள்ளிப் பையில் இருந்த ஆயில் பேஸ்டலைக் கொண்டு வரைந்திருக்கிறார். நிறங்கள் கலங்கிச் சேறாகிவிட்டன என்றும், ஓர் அளவுக்கு மேல் எந்த நிறமும் தாளில் ஒட்டாமல் வழுக்குகிறது என்றும் சொல்லி, "விலை கூடிய பெட்டி வாங்கினால்தான் முகம் வருமா, அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டியதில்லை, தங்கை. முதலில் மாற வேண்டியவை தாளும் கையின் அழுத்தமும்தான். இராமநாதபுரம் கடைத்தெருவில் நூறு ரூபாய் அளவில் கிடைத்த 25 நிறப் பெட்டி ஒன்றை வாங்கி, நான்கு முகங்களை வரைந்து பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

ஆயில் பேஸ்டல் என்பது நிறப்பொடியை மெழுகோடும் காயாத எண்ணெயோடும் சேர்த்துச் செய்த குச்சி. விலை குறைந்த பெட்டிகளில் பொதுவாக நிறப்பொடி குறைவாகவும் மெழுகு மிகுதியாகவும் இருக்கும். அந்த மெழுகு தாளின் சொரசொரப்பில் உள்ள சிறு பள்ளங்களை அடைத்துவிட்டால், அடுத்து வரும் நிறத்துக்குப் பிடிமானமே இருக்காது. நீங்கள் சொன்ன வழுக்கல் அதுதான். வழவழப்பான சார்ட் தாளில் முதல் பூச்சையே அழுத்திப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நோட்டுகளுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை எடுத்து, அதன் பளபளப்பில்லாத பக்கத்தில், குச்சியின் கனம் மட்டும் தாளில் படும்படி மெல்ல இழுத்துப் பாருங்கள். நான்கைந்து பூச்சுகளைத் தாங்கும். அந்தத் தாள் நாளடைவில் நொறுங்கிப் போகும் என்பதால் பயிற்சிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பாதுகாக்க நினைக்கும் படத்துக்குக் கார்ட்ரிட்ஜ் தாள் எனப்படும் கனமான ஓவியத் தாளை வாங்குங்கள். காசைச் செலவழிப்பதானால் தாளுக்குச் செலவழியுங்கள் என்பதே என் கருத்து.

முகத்தைப் பெரிதாக வரையுங்கள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு சாண் உயரமாவது இருந்தால்தான், இவ்வளவு தடித்த குச்சியால் கண்ணின் ஓரத்தைத் திருத்த முடியும். பென்சிலில் கோடு போடாதீர்கள், கரி மேலே வரும் நிறத்தில் கலந்து அழுக்காக்கிவிடும். வெளிர் பழுப்புக் குச்சியாலேயே கோடு போடுங்கள்.

இனி நிறம். பெட்டியில் 'தோல் நிறம்' என்று நாம் சொல்லிப் பழகிய வெளிர் இளஞ்சிவப்புக் குச்சி நம் வீட்டுப் பெண்களின் நிறமன்று. அதை எடுத்து ஒதுக்கி வையுங்கள். மஞ்சட்காவியை (yellow ochre) முதலில் பரப்பி, அதன்மேல் ஆரஞ்சு, பிறகு பழுப்பு என்று வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கிப் போங்கள். நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல் பழுப்பின்மேல் கருநீலத்தை லேசாக ஓட்டினால், வெயிலில் கறுத்த கன்னத்தின் உயிர்ப்பு கிடைக்கும். இதற்கு மேலும் ஓரிடத்தில் நிறங்களை வைத்துத் தேய்த்தால் சேறுதான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் குச்சியின் நுனியைப் பழைய துணியில் துடைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது முந்தைய நிறத்தை அள்ளிக்கொண்டு வரும்.

நம் கரையில் முகம் வரைபவர்கள் பலர் பார்க்கத் தவறும் ஒன்று உண்டு. கடற்கரையில் நிற்பவருக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை; வெண்மணலிலும் தண்ணீரிலும் பட்டுக் கீழிருந்தும் எழும்புகிறது. ஆகவே தாடைக்கு அடியில், நாம் முழு இருட்டு என்று நினைக்கும் இடத்தில், மங்கலான ஒரு வெளிச்சம் ஓடும். அங்கே சாம்பல் கலந்த நீலத்தை ஒரே ஒரு முறை இழுங்கள். உங்கள் அம்மா வீட்டுக்குள் அமர்ந்திருக்கவில்லை, கரையில்தான் நிற்கிறார் என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடும்.

மூக்குத்தியின் மின்னலை வெள்ளைக் குச்சியால் மேலே வைக்க முயலாதீர்கள். மலிவான வெள்ளை கருமையின்மேல் ஏறாமல் சாம்பலாகிவிடும். ஊக்கின் முனையால் அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தமான வெள்ளையை அங்கே அழுத்துங்கள். நரைமுடிகளையும் இப்படியே கீறி எடுக்கலாம்.

பள்ளிப் பெட்டி என்று தயங்கவே வேண்டாம். இந்தக் குச்சியே 1925-இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு வெளியிட்டதுதான். ஓவியர்களுக்கென உயர்தரக் குச்சிகளைப் பிக்காசோவுக்காகப் பிரான்சின் செனலியே நிறுவனம் செய்தது 1949-இல். வெப்பத்துக்கேற்ப எண்ணெய் இளகுவதால், தொடக்கத்தில் ஜப்பானியர்கள் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாகக் குச்சி செய்தார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் கோடைதான். நடுப்பகலில் குச்சி வெண்ணெய் போல் இளகும்; காலையில் வரையுங்கள், அல்லது பெட்டியை மண்பானையின் அருகில் சிறிது நேரம் வைத்து எடுங்கள்.

கடைசியாக, ஆயில் பேஸ்டல் படம் ஒருபோதும் முழுமையாகக் காயாது. முன்பு என் அப்பத்தாவின் முகத்தை வரைந்து, கண்ணாடி போடாமல் திண்ணைச் சுவரில் மாட்டிவிட்டேன். கச்சான் காற்றில் பறந்து வந்த மணல் கன்னம் முழுவதும் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை எடுக்க முடியவில்லை. படம் முடிந்ததும் மேலே பட்டர் பேப்பரை வைத்து மூடுங்கள். சட்டம் போடும்போது, கண்ணாடி படத்தில் படாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லி, வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள்.